ஊசுட்டேரிக்கு ஒரு காலைப் பயணம்

ஜாம்பியா நாட்டின் லிவிங்ஸ்டன் சிறிய நகரம்தான். அருகிலேயே மோசி-ஓவா-துன்யா தேசியப் பூங்கா, அங்கே வெள்ளைக் காண்டாமிருகங்கள். பக்கத்தில் முகுனி கிராமம். காட்டையும் கிராமத்தையும் சேர்த்துப் பார்க்க உலகமே அங்கு போகிறது.

புதுச்சேரியின் உழவர்கரைக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

மேற்கே ஊசுட்டேரி. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பு. பாதி புதுச்சேரியில், மீதி விழுப்புரம் மாவட்டத்தில். புதுவைப் பகுதி 2008-இல் சரணாலயமானது; தமிழகப் பகுதி பின்னர் சேர்ந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஊசிவால் வாத்துகள் வந்திறங்கும். அதே இனத்தின் வேறு கூட்டங்கள் ஆப்பிரிக்க ஏரிகளுக்குப் பறக்கின்றன, எவ்வளவு பெரிய உறவு! கூழைக்கடாக்களும் இங்கே மீன் தேடும். சுற்றுக் கிராமங்களின் நிலத்தடி நீருக்கும் இந்த ஏரிதான் ஆதாரம்.

மார்கழியில் ஒருநாள் விடியற்காலையிலேயே பிள்ளைகளோடு போய் வாருங்கள். பிளாஸ்டிக் பைகளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.