"சேர்க்க மாட்டோம்" என்றால் எழுதிக் கேளுங்கள்!

(மஹல்லா கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

சிறப்புக் கல்வி, பிள்ளைகளின் மனநலம் ஆகியவற்றுக்காக வழக்கு நடத்துபவன் நான். என்னிடம் வரும் பெற்றோர் சொல்லும் முதல் வார்த்தை எது தெரியுமா? "வக்கீல் பாய், ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன்னுட்டாங்க." எழுதித் தந்தார்களா என்று கேட்பேன். தந்திருக்க மாட்டார்கள். வாசலிலேயே வாயால் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வழக்கில் பாதி அங்கேயே தோற்றுவிடுகிறது. வாய்ச்சொல்லை நீதிபதியிடம் எப்படிக் காட்டுவது?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவும் பாகுபாடு காட்டாமல் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 16ஆவது பிரிவு. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை கல்வி இலவசம் என்கிறது 31ஆவது பிரிவு. கண், காது, கை, கால் மட்டுமல்ல. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கணக்கும் சொல்லிவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டுப் பாருங்களேன்!

ஆகவே, விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ரசீது கையில் இருந்தால் மாநில ஆணையரிடமும் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும்.

அடுத்தது, நாம் வீட்டுக்குள்ளேயே மூடி மறைக்கும் விஷயம். ப்ளஸ் டூ படிக்கும் பையன் தூங்குவதில்லை, தனியாகப் பேசுகிறான். உடனே 'காத்து கருப்பு' என்று தகடு, தாயத்து! துஆ செய்வதை யாரும் தடுக்கவில்லை; டாக்டரிடமும் கூட்டிப் போங்கள் என்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் என்ன நடந்தது? தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் விரோதிகளா? பெற்ற தாய் தகப்பன்மார்கள், உடன்பிறந்தவர்கள்!

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியை அடியோடு தடை செய்துவிட்டது. 18 வயது நிரம்பாத பிள்ளையை மருத்துவமனையில் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. கூடவே வீட்டார் ஒருவரோ உதவியாளரோ தங்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்பது பிச்சையல்ல, உரிமை. முதலில் ஃபோனில் பேசிப் பார்க்க விரும்பினால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. நம் மஹல்லாவில் சட்டம் படித்த தம்பிகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். இந்த விண்ணப்பங்களை எழுத நானும் வருகிறேன்.