வழி தவறிய வரிப்பணம்

(ரப்பர்த் தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



வருமான வரி என்னும் சொல்லைக் கேட்டதும், "அது துரைமாருக்கும் கடைக்காரருக்கும் உரிய விவகாரம், பால் வாளி தூக்கும் நமக்கு அதில் என்ன வேலை?" என்று உங்களில் பலர் எண்ணக்கூடும். பெரும்பாலோரைப் பொறுத்தவரை அது உண்மையே. ஊழியர் சேமநிதிச் சந்தா போக, ஆண்டு வருமானம் 34,000 வெள்ளியைத் தாண்டியவரே வரி வாரியத்தில் பதிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். 2025-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் பெறுகின்றவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆயினும் லோரி ஓட்டுபவர், தொழிற்கூடத்தில் மிகுதி நேரம் உழைப்பவர், மண்டோர், பட்டணத்துத் தொழிற்சாலைக்குச் சென்று வரும் நம் பிள்ளைகள் ஆகியோரின் சம்பளச் சீட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். சிலவற்றில் "பி.சி.பி." என்று ஒரு கழிவு இருக்கும். மாதாந்தர வரிக் கழிவு என்பது அதன் பொருள். 1995-ஆம் ஆண்டு தொடங்கி நடந்துவரும் ஏற்பாடு அது.

இந்தக் கழிவு முன்கூட்டியே பிடித்து வைக்கும் தொகைதான், முடிந்த கணக்கன்று. ஓர் உதாரணம் கூறுகிறேன். ஆண்டுக்கு 48,000 வெள்ளி சம்பாதிக்கும் ஒருவரை, மணமாகாதவர் என்று கருதிக் கணக்கிட்டால், அவருக்கு 200 வெள்ளி வரி வரும். சொந்தக் கழிவு 9,000, சேமநிதிக்கு 4,000, ஆக 13,000 போக மீதி 35,000. அதற்குரிய வரி 600. அதில் 400 வெள்ளி தள்ளுபடி. ஆனால் அவருக்கு வருமானமற்ற மனைவியும், பள்ளி செல்லும் இரு பிள்ளைகளும் இருப்பின், மேலும் 8,000 வெள்ளிக்குக் கழிவு உண்டு. அப்போது அவர் செலுத்த வேண்டிய வரி ஒரு காசும் இல்லை. குடும்ப விவரத்தை அவர் ஆபீசில் கூறாமல் விட்டிருந்தால், மாதந்தோறும் பிடித்த 200 வெள்ளியும் அவருக்கே திரும்ப வேண்டிய பணம். வரிப் பாரத்தை நிரப்பி அனுப்பினால் அது வங்கிக் கணக்கில் வந்து சேரும். மின்னியல் முறையில் அனுப்பியவருக்கு 30 வேலை நாள், தாளில் அனுப்பியவருக்கு 90 வேலை நாள் என்பது வாரியம் தனக்கு வகுத்துக்கொண்டுள்ள கெடு.

வந்து சேராவிட்டால் என்ன செய்வது? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கெடா மாநிலத்துத் தோட்டமொன்றில் லோரி ஓட்டும் ஓர் அன்பர், இத்தகைய கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்தார். இரண்டு ஆண்டுகளாகத் தம் பணம் வரவில்லை என்றார். "கவர்மெண்டு எடுத்துக்கிச்சு, விடுங்க சார்" என்று அவரே தீர்ப்பும் கூறிவிட்டார். பாரத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். அதிலிருந்த கணக்கு எண், அவர் முன்பு வேலை செய்த தோட்டத்தில் சம்பளத்துக்காகத் திறந்த கணக்கினுடையது. அந்தத் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது குடும்பங்கள் பிரிந்து போயின, இவரும் புதிய இடத்தில் புதிய கணக்குத் திறந்தார், பழையது மூடப்பட்டது. பாரத்தை நிரப்பிக் கொடுத்த உறவுக்காரப் பையன், முந்திய ஆண்டுப் பாரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டான். மூடிய கணக்குக்குச் சென்ற பணம் வாரியத்துக்கே திரும்பிவிட்டது. அது எவராலும் விழுங்கப்படவில்லை. சரியான முகவரி தெரியாமல் காத்திருந்தது, அவ்வளவே.

"அப்படியானால் போய்த் திருத்துவதுதானே?" என்றேன். அவர் தயங்கினார். "வரி ஆபீசுக்குள்ள நாமாப் போய் நின்னா, புதுசா ஏதாச்சும் வரி போட்டுட்டா?"

பெரியோர்களே, இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆபீசிலிருந்து அழைப்பு வந்தால் ஏதோ பிழை என்றே பொருள்கொள்ளும் பழக்கம் நம் லயன்களில் மூன்று தலைமுறையாக வேரூன்றியது. ஆனால் எண்ணிப் பாருங்கள். திருப்பித் தரவேண்டும் என்று கணக்கு முடிந்த பிறகே பணம் வங்கிக்கு அனுப்பப்படுகிறது. வங்கி எண்ணைத் திருத்துவதற்காக எவர்மீதும் வரி விதிக்கப்படுவதில்லை. பழைய ஆண்டுகளின் வரிப்பாக்கி ஏதும் இருந்தால், அதற்கு ஈடுசெய்துகொண்டு மீதியைத் தருவார்கள். அந்தப் பாக்கி நாம் போனாலும் போகாவிட்டாலும் இருக்கத்தான் செய்யும். அந்த அன்பர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். பணமும் வந்தது. இரண்டு ஆண்டுகளாக எதற்குப் பயந்தார் என்று அவர் மனைவி இன்றும் கேலி செய்வதாகக் கேள்வி.

கணக்கு மூடப்பட்டது ஒரு காரணம். பணம் திரும்பிப் போவதற்கு வேறு காரணங்களும் உள. மகனுடைய கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுவது நம்மிடையே சாதாரணம். மகன் நல்லவனாயிருக்கலாம், ஆனால் பணம், வரி கட்டியவருடைய சொந்தப் பெயரிலுள்ள கணக்குக்கே போகவேண்டும். ஓர் இலக்கம் இடம் மாறி விழுவதும் உண்டு.

அடையாளக் கார்டு எண்ணால் வரும் சிக்கல் நம் மக்களுக்கே உரியது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த காலத்தில் கணக்குத் திறந்து, பின்னர் குடியுரிமை பெற்று நீலக் கார்டு வாங்கியவர்கள் பலர். 1990-ஆம் ஆண்டு தொடங்கி வழங்கப்பட்ட 12 இலக்க எண்ணுக்கு முன்னரே தபால் நிலையச் சேமிப்பிலோ, 1974 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த தேசிய சேமிப்பு வங்கியிலோ கணக்குத் திறந்தவர்களும் உளர். வங்கி ஏட்டில் பழைய எண், வரி ஏட்டில் புதிய எண். இரண்டும் வேறு ஆட்களென்று இயந்திரம் கருதிவிடுகிறது.

பெயரின் கதை இதனினும் பெரிது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் வருகைப் பதிவேடுகளோடு பழகியவன் நான். முருகையா என்ற ஒரே பெயரை ரூமி எழுத்தில் மூவர் மூன்று விதமாக எழுதுவதைக் கண்டிருக்கிறேன். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாளக் கார்டில் ஒரு விதம், கணக்குப் புத்தகத்தில் வேறொரு விதம். பிள்ளையின் பெயரைக் காதால் கேட்டு எழுதிய எழுத்தரின் பேனா, ஐம்பது ஆண்டு கழித்தும் அப்பிள்ளையைத் துரத்துகிறது. இத்தகைய வேறுபாடு இருந்தால், முதலில் மைகார்டுடன் வங்கிக்குச் சென்று அங்குள்ள பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். வரி வாரியம் அதன் பின்னர்.

உறங்கும் கணக்கையும் மறவாதீர்கள். ஓராண்டு போட்டெடுப்பு எதுவும் இல்லாத கணக்கை வங்கி அவ்வாறு கருதும். மீண்டும் எழுப்ப நேரில் செல்லவேண்டி வரலாம். ஏழாண்டு அசைவற்றுக் கிடந்தால், 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதிலுள்ள தொகை உரிமை கோரப்படாத பணமாகத் தலைமைக் கணக்காளர் இலாகாவுக்கு அனுப்பப்படும். அப்போதும் கேட்டுப் பெறலாம்; அலைச்சல்தான் கூடும்.

திருத்தும் வழி எளிது. கைத்தொலைபேசியில் தேர்ந்த பிள்ளை வீட்டிலிருந்தால், வாரியத்தின் மைடெக்ஸ் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, விவரங்களைப் புதுப்பிக்கும் பகுதியில் வங்கியின் பெயரையும் எண்ணையும் மாற்றலாம். மாற்றும்போது நீங்களும் அருகில் அமருங்கள். கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது நன்று. அது இயலாதவர்கள் மைகார்டும் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அண்மையிலுள்ள வாரியக் கிளைக்கு நேரில் செல்லலாம். திருத்திய பின்னர், திரும்பிய பணத்தை மீண்டும் அனுப்புமாறு அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வரி வாரியத்தில் எண்ணை மாற்றியவுடன் எல்லா இடத்திலும் மாறிவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டு முதல் சும்பாஙான் துனாய் ரஹ்மா என்ற பெயரில் வழங்கப்படும் உதவித்தொகையை அதே வாரியம்தான் கவனிக்கிறது. ஆயினும் அதற்கு விண்ணப்பமும் விவரம் புதுப்பித்தலும் தனி. சேமநிதி வாரியத்தின் ஏடு முற்றிலும் வேறு. உதவித்தொகை வரவில்லையென்று வருந்தும் தாய்மார்கள் அங்குள்ள எண்ணையும் தனியே பார்க்கவேண்டும்.

இனி ஓர் எச்சரிக்கை. "உங்களுக்கு வரிப்பணம் வந்திருக்கிறது, இதை அழுத்துங்கள்" என்று தொலைபேசிக்கு வரும் செய்தியைத் தொடவேண்டாம். வங்கி அட்டையின் இரகசிய எண்ணையோ, தொலைபேசிக்கு வரும் குறியீட்டையோ கேட்பவர் யாராயினும் கொடுக்க வேண்டாம். பணத்தைப் போடுவதற்குக் கணக்கு எண் போதும். ஏமாந்துவிட்டதாக ஐயம் எழுந்தால் வெட்கப்பட்டுக்கொண்டிராமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

கூட்டம் கலைந்ததும் மண்டப வாசலிலுள்ள மேசையில் அமர்ந்திருப்பேன். வீடு அருகில்தானே இருக்கிறது? கணக்குப் புத்தகத்தையும் மைகார்டையும் எடுத்து வாருங்கள். எழுத்தும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று இருவருமாகப் பார்த்துவிடுவோம்.