எரித்தறியும் கருவி

பாடசாலை விஞ்ஞானகூடத்தை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ செல்லும் இளைஞர் அங்கே முதன்முதலாகக் காணும் கருவிகளுள் மூலகப் பகுப்பாய்வி என்பதும் ஒன்று. பெட்டி போன்ற தோற்றம். அதனுள்ளே ஓர் உலை. பக்கத்தில் வாயு உருளைகள். முன்னே ஒரு கணினித்திரை. சிட்டிகையிலும் சிறிய அளவு பொடியை உள்ளே இட்டால், சில நிமிடங்களில் காபன் இத்தனை வீதம், ஐதரசன் இத்தனை வீதம், நைதரசன் இத்தனை வீதம் என்று எண்கள் தோன்றுகின்றன. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? அவற்றை எவ்வளவுக்கு நம்பலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். நான் கலைத்துறையிற் பயின்றவன். ஆதலால் சூத்திரங்களைக் கொண்டு உங்களை அச்சுறுத்தும் ஆற்றலும் எனக்கில்லை, ஆசையும் இல்லை.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஒரு பொருளை எரித்து, எரிவதனால் உண்டாகும் வாயுக்களைப் பிடித்து அளந்தால், அப்பொருளில் இருந்தவை எவை என்று கூறிவிடலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சு நாட்டு இலவோசியர் மதுசாரம், எண்ணெய் முதலியவற்றை எரித்து இம்முறைக்கு அடிகோலினார். 1831 இல் செருமனியின் கீசன் நகரத்துப் பேராசிரியர் லீபிக், ஐந்து குமிழ்கள் கொண்ட கண்ணாடிக் கருவியொன்றை அமைத்தார். பொருள் எரியும்போது அதிலுள்ள காபன் காபனீரொட்சைட்டு ஆகின்றது, ஐதரசன் நீராவியாகின்றது. நீராவியைக் கல்சியங்குளோரைட்டுக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். காபனீரொட்சைட்டைக் குமிழ்களிலுள்ள பொற்றாசுக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் கணக்கு முடிந்தது. 44 பங்கு நிறையுள்ள காபனீரொட்சைட்டில் 12 பங்கு காபன். 18 பங்கு நிறையுள்ள நீரில் 2 பங்கு ஐதரசன். இதற்கு மேற்பட்ட மந்திரம் எதுவும் அங்கில்லை. அந்த ஐங்குமிழ்க் கருவியின் உருவத்தை அமெரிக்க இரசாயனச் சங்கம் இன்றும் தன் இலச்சினையிற் பொறித்து வைத்திருக்கின்றது. அதே காலத்தில் பிரான்சு நாட்டு தூமா என்பார், நைதரசனை வாயுவாகவே பிரித்து அதன் கனவளவை அளக்கும் முறையை வகுத்தார்.

அக்காலத்தில் ஒரு சோதனைக்குக் கிராமிற் பத்திலொரு பங்கு, பத்தில் இரண்டு மூன்று பங்கு என்ற அளவிலே பொருள் வேண்டியிருந்தது. அரிதிற் கிடைக்கும் பொருளை அவ்வளவு எரித்துவிட்டால் ஆராய்வதற்கு மிச்சம் என்ன இருக்கும்? ஒசுத்திரிய நாட்டுப் பிறெகில் என்பார் பித்தநீரிலிருந்து பெற்ற பொருள்களை ஆராய்ந்தபோது இந்த இடர்ப்பாட்டையே எதிர்நோக்கினார். அவர் சலியாது முயன்று, சில மில்லிகிராம் அளவே போதும் என்னும் நிலைக்கு முறையைச் செம்மைப்படுத்தினார். அதற்காக 1923 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இன்றைய கருவி இம்மூவர் செய்த வேலையையும் ஒரே பெட்டிக்குள் செய்கின்றது. இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம் மாதிரியை வெள்ளீயத் தகட்டாலான சிறு கிண்ணத்தில் நிறுத்து, மடித்து மூடி, தட்டில் வைக்கின்றோம். கருவி அதனை ஏறக்குறைய 900 முதல் 1,000 பாகை செல்சியசு வெப்பமுள்ள குழாயினுள் வீழ்த்தி, அதே கணத்தில் தூய ஒட்சிசனையும் செலுத்துகின்றது. வெள்ளீயமும் உடன் எரிவதால் அவ்விடத்து வெப்பநிலை ஒரு கணம் 1,800 பாகை வரை உயர்கின்றது. மாதிரி முற்றாக எரிந்து வாயுவாகிவிடும். அவ்வாயுக்களை ஈலியம் என்னும் சடத்துவ வாயு சுமந்து செல்கின்றது. வழியிலே சூடான செம்புத் தூள் உண்டு. மிகுந்த ஒட்சிசனை அது பற்றிக்கொள்வதோடு, நைதரசனின் ஒட்சைட்டுகளையும் வெறும் நைதரசனாக மாற்றிவிடுகின்றது.

இனி இவ்வாயுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிய வேண்டும். கோயில் திருவிழா முடிந்து கடைவீதி வழியே வீடு திரும்பும் மக்களை நினைத்துப் பாருங்கள். எக்கடையிலும் நில்லாதவர் முதலில் வீதியின் கோடிக்கு வந்துவிடுவர். ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் பிந்தி வருவர். கருவியினுள் இருக்கும் பிரிப்பு நிரலும் அத்தகைய கடைவீதியே. பெரிதும் வழங்கும் ஒரு வகைக் கருவியில் நைதரசன் முதலிலும், காபனீரொட்சைட்டு அடுத்தும், நீராவி அதன் பின்னும், கந்தகவீரொட்சைட்டு இறுதியிலும் வெளிப்படும். வீதியின் கோடியில் நின்று எண்ணும் காவலனாக இருப்பது சூடேற்றிய ஒரு மெல்லிழை. ஈலியம் வெப்பத்தை நன்கு கடத்தும். ஏனைய வாயுக்கள் அவ்வளவு கடத்தா. ஆதலால் வேறு வாயு கலந்து வரும்போது இழையின் வெப்பம் ஏறி, அதன் மின்தடை மாறுகின்றது. அம்மாற்றமே திரையிற் குன்று போன்ற வரையாகத் தோன்றுகின்றது. குன்றின் பரப்பே அளவு.

பரப்பிலிருந்து வீதத்தை அறிவதற்கு ஒப்புநோக்கும் நியமம் ஒன்று வேண்டும். அமைப்பு ஐயமின்றித் தெரிந்த தூய பொருளொன்றை முதலில் எரிக்கின்றோம். அசற்றனிலைட்டு அதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. அதிற் காபன் 71.09 வீதம், ஐதரசன் 6.71 வீதம், நைதரசன் 10.36 வீதம். எஞ்சியது ஒட்சிசன். எரிப்பதற்கே ஒட்சிசனைச் செலுத்துவதால், மாதிரியிலுள்ள ஒட்சிசனை இம்முறையில் அளக்க இயலாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இனி, புதிதாக இக்கருவியைக் கையாள்பவர் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுகின்றேன். நாளின் வேலையைத் தொடங்குமுன் வாயுக் கசிவு உண்டா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் வெறுங் கிண்ணங்களை எரித்து, மாதிரியின்றியே கருவி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின் நியமம்; அதன் பின்னரே மாதிரி. ஒவ்வொரு மாதிரியையும் இரு முறையாவது எரித்தல் வேண்டும். இடையிடையே நியமப் பொருளை மீண்டும் எரித்து, கருவி நிலைபிறழாதிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். கிண்ணத்தைக் கையால் தொடலாகாது. சாவணத்தாலேயே எடுத்தல் வேண்டும். ஏனெனில் விரலிலுள்ள எண்ணெய்ப்பசையும் காபன்தான். மடிக்கும்போது உள்ளே காற்று அடைபடாமல் நன்றாக அமுக்குதல் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக நைதரசன் இருக்கின்றது. அது மாதிரியின் கணக்கிற் சேர்ந்துவிடும். செம்பு தேய்ந்துவிட்டாலும் நைதரசனின் பெறுமானம் பொய்யாக உயரும். மாதிரியில் புளோரின் இருந்தாலோ, அது வெடிக்கும் இயல்புடையதாயினோ, கருவிக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புளோரின் படிகக் குழாயை அரிக்கும். வெடிபொருளோ ஆளுக்கே ஆபத்து.

எல்லாவற்றிலும் முக்கியமானவை உலர்த்துதலும் நிறுத்தலுமே. ஒரு மாதிரியில் நூற்றில் ஒரு பங்கு ஈரம் இருப்பதாகக் கொள்வோம். 71.09 வீதம் காட்ட வேண்டிய காபன் 70.38 வீதமாகக் குறைந்துவிடும். இரண்டு மில்லிகிராம் நிறுக்கும்போது ஒரு மில்லிகிராமின் நூற்றில் இரண்டு பங்கு பிழைத்தாலும் அதே அளவு தவறு நேரும். கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும், தராசில் நேர்ந்த பிழையை அதனால் திருத்த முடியாது. இட்டதை எண்ணும்; இட்டது எதுவென்று அது கேளாது.

புதிய சேர்வையொன்றை ஆக்கியவர், கணித்த பெறுமானத்துக்கும் கண்ட பெறுமானத்துக்கும் இடையே 0.4 வீதத்துக்கு மேற்படாத வேறுபாட்டைக் காட்ட வேண்டும் என்பது பல இரசாயன ஆய்விதழ்களின் நீண்டகால மரபு. வேறுபாடு 0.6 ஆக வந்தால் இளம் ஆய்வாளருக்கு ஒரு சோதனை ஏற்படுகின்றது. ஐந்து முறை எரித்து, இசைவான ஒன்றை மாத்திரம் எழுதிவிடலாமே என்று மனம் சொல்லும். அது அளத்தலன்று, தேர்ந்தெடுத்தல். மாதிரியைத் தூய்மை செய்து, உலர்த்தி, மீண்டும் எரித்து, கண்ட அனைத்தையும் பதிவேட்டில் எழுதுவதே நேரிய வழி.

இக்கருவியின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். மூலகம் எவ்வளவு என்று அது சொல்லும். அம்மூலகம் எச்சேர்வையில் இருந்தது என்று சொல்லாது. குளுக்கோசிலும் காபன் 40 வீதம். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலத்திலும் காபன் 40 வீதம். ஐதரசனின் வீதமும் இரண்டிலும் ஒன்றே. ஒன்று இனிக்கும்; மற்றது புளிக்கும். எண்களை மாத்திரம் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இது வெறும் ஏட்டுச் சங்கதியன்று. உணவிலுள்ள புரதத்தை அறிவதற்கு, அதிலுள்ள நைதரசனை அளந்து 6.25 என்னும் எண்ணாற் பெருக்குவது நெடுநாளைய வழக்கம்; புரதத்தில் ஏறக்குறைய 16 வீதம் நைதரசன் உண்டு என்பதே அதற்கு அடிப்படை. பாலுக்கு இவ்வெண் 6.38 ஆகும். நைதரசன் முழுவதும் புரதத்திலிருந்தே வந்தது என்று அம்முறை கருதிக்கொள்கின்றது. அந்தக் கருத்தையே வஞ்சகர் தமக்கு வாயிலாக்கிக் கொண்டனர். சீனாவில் பாலில் நீரைக் கலந்தோர், குறைந்த புரதத்தை மறைப்பதற்கு மெலமைன் என்னும் பொருளைச் சேர்த்தனர். அதில் 66.6 வீதம் நைதரசன். ஒரு கிராம் மெலமைன் சோதனையில் நான்கு கிராமுக்கு மேற்பட்ட புரதமாக வேடம் புனைந்துவிடும். 2008 இல் இவ்வுண்மை வெளிப்பட்டபோது ஏறக்குறைய 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றிருந்தனர். பலருக்குச் சிறுநீரகத்திற் கல் உண்டாயிருந்தது. ஆறு சிசுக்கள் மாண்டன. நைதரசனை அளந்த சோதனை பொய் சொல்லவில்லை. நைதரசன் எவ்வளவு என்று கேட்டனர். அது சரியாகவே சொல்லிற்று. புரதமா என்பதை எவரும் வேறாகக் கேட்கவில்லை.

ஆகவே, ஆய்கூடத்தில் அடியெடுத்து வைக்கும் இளைஞருக்கு நான் கூற விரும்புவது இதுவே. கருவியை இயக்கக் கற்பதற்குச் சில நாட்கள் போதும். நாம் கேட்கும் கேள்வி எது, கருவி விடையளிக்கும் கேள்வி எது என்று வேறுபடுத்தி அறிவதற்கோ நெடுங்காலப் பழக்கம் வேண்டும். உங்கள் எண்ணை நம்பி மருந்து உண்பவரும் பால் அருந்தும் குழந்தையும் உங்கள் ஆய்கூடத்தைக் காணப்போவதில்லை. அவர்களுக்காகவே ஒவ்வொரு முறையும் தராசின் முன் நிதானமாக அமருங்கள்.