நந்தா விளக்கும் உழக்கு நெய்யும்



முதலைத் தொடாமல் வட்டியில் அறம் நடத்துவது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரம் கோயிலுக்கு 290 காசு வைத்தான். காசுக்கு ஆண்டுதோறும் 2 கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். கலத்துக்கு 96 நாழி என்று கணக்கிட்டால், நாளுக்கு 150 நாழிக்குச் சற்று மேல் வருகிறது. அந்த நெல்லிலிருந்துதான் சாமிக்கு அரிசியும் நெய்யும் தயிரும் போயின.

அறம் காசில் பிறந்தாலும் அன்றாடம் அது நடந்தது முகத்தலளவையில். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், நந்தா விளக்கு எனப்படும் அணையா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆண்டுக்கு 91 நாழியும் ஓர் உழக்கும் நெய். உழக்கு சுருங்கினால் விளக்கு விடியும் முன்பே அணையும். அதனால்தான் எந்த அளவுகருவியால் அளப்பது என்பதையும் கல்லில் பெயர் சொல்லி வெட்டினார்கள். தஞ்சையில் மரக்கால் என்ற அளவுகருவிக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரே இருந்தது.

நெல்லில் அளப்பவர் கைக்கு இடமுண்டு. குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். நெய்யும் எண்ணெயும் விளிம்போடு நின்றுவிடும். அங்கே குறை வேறு வழியில் வரும். உழக்கின் அடியை உட்புறமாகத் தட்டி மேடாக்கலாம். பக்கத்தில் ஒட்டிய நல்லெண்ணெய் வடியுமுன் சட்டென்று நிமிர்த்திவிடலாம். வாங்குகிறவர்கள் கடைசிச் சொட்டு விழும்வரை தூக்குச்சட்டியை நகர்த்தாமல் பிடித்திருப்பது இதனால்தான். பதனீர், பால் என்றால் நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்திலும் இப்படி இரட்டித்துப் போகும் அளவைகள் இருந்தன. நான்கு கில் ஒரு முச்கின், இரண்டு முச்கின் ஒரு சோப்பின், இரண்டு சோப்பின் ஒரு பைன்ட். அந்த பைன்ட் ஏறக்குறைய 1.7 லிட்டர். அதன் மூலக்குவளை ஸ்டர்லிங் நகரத்தின் காவலில் இருந்தது. நடுவில் அது காணாமல்போக, 1752இல் அலெக்சாண்டர் பிரைஸ் என்ற பாதிரியார் தேடிக் கண்டுபிடித்தார். 1824ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பழைய அளவைகள் வழக்கொழிந்தாலும் குவளை தப்பியது. அதனால் அவர்களுடைய பழைய கணக்குகளை இன்றைக்கும் லிட்டரில் வாசிக்க முடிகிறது.

நம் நாழியும் படியும் ஊருக்கு ஊர் மாறுபட்டவை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து லிட்டர் வந்தபோது, ஒழுங்கு வந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பித்தளை உழக்குகள் எடைக்குப் போனதைப் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு உழக்கும் உருகும்போது, அந்த ஊர்க் கணக்கு ஏடுகளை வாசிக்கும் திறவுகோலும் சேர்ந்து உருகுகிறது.

இன்னும் பரண்களில், பூசை அறைகளில், பழைய செக்குகளில் சில இருக்கின்றன. அவற்றை யாரும் நமக்குத் தர வேண்டாம். கழுவி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை நிறுத்தால் போதும். எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர். ஊர், புழங்கிய பொருள், அடியில் உள்ள முத்திரை மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களில் வரலாற்று மாணவர்கள் இந்தக் கோடையிலேயே தொடங்கட்டும். அதற்கான செலவை நம் அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.