பாடும் வரைபடமும்

கடலோர ஊர்களில் குடியிருப்புகள் பெருகும்போது, கரையையும் நீரையும் யார், எந்த முறையில் காப்பது என்ற கேள்வி எழுகிறது. அதற்குச் சட்டம் ஒரு விடையும், தலைமுறைகளாக அங்கே பிழைப்பவர்களின் வழக்கம் வேறொரு விடையும் தருகின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத்தக்க இடம், சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்துள்ள பழவேற்காடு ஏரி. ஏரி என வழங்கினாலும் அது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் காயல். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது. அதன் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வருவது குறைந்து, வலையும் வெறுமையாகிவிடும்.

வளம் குறுகியது, அதை நாடுவோர் பலர் என்ற இந்த நிலையில் உருவான ஏற்பாடே 'பாடு'. பாடு என்பது இறால் வலை கட்டும் இடத்தையும், அந்த இடத்தை முறைவைத்துப் பகிரும் வழக்கத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல். உரிமையுள்ள தலைக்கட்டுகள், அதாவது குடும்பத் தலைவர்கள், சீட்டுப் போட்டு இடங்களைப் பிரித்துக்கொள்வதால், நல்ல இடம் எவருக்கும் நிலையாக உரியதாவதில்லை. ஒரே நீரில் எல்லாரும் ஒரே நாளில் வலை வீசும் நெருக்கடியும் நேர்வதில்லை. எனினும் பாட்டுரிமை குறிப்பிட்ட மீனவச் சமூகத்து ஆண்களுக்கே வழங்கிவந்ததால், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் பெண்களும் அதற்கு வெளியே நின்றனர். ஆகவே ஊரார் போற்றும் வழக்கம் என்பதாலேயே அது எல்லார்க்கும் நீதியாகிவிடாது.

சட்டத்தின் அளவுகோல் வேறு. 1991இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோடு எனப்படும் ஓதநீரின் மேல் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்து, ஊரகக் கடற்கரையின் முதல் 200 மீட்டரைக் கட்டுமானத் தடைப் பகுதியாக்கியது. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையோ, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில், மக்களைக் கலந்து வகுத்த மேலாண்மைத் திட்டம் இருப்பின், அத்தடையை 50 மீட்டராகச் சுருக்க இடமளித்தது. நெருக்கமாக வாழ்வோருக்கு வீடு கட்ட இடம் தேவை என்பது நியாயமே. ஆனால் தலைகளை எண்ணும் கணக்கு, வலை உலர்த்தும் மணலையும் படகு ஏற்றும் துறையையும் எண்ணுவதில்லை. அவை அத்திட்டத்தின் வரைபடத்தில் இடம்பெறாவிட்டால், காகிதத்தில் வெற்று நிலமாகிப் பிற தேவைகளுக்குக் கைமாறிவிடக்கூடும்.

தன் முறையும் ஒருநாள் வரும் என்ற உறுதி இருந்ததாலேயே பாட்டின் கட்டுப்பாட்டை மீனவர் ஏற்றனர். சட்டமும் அத்தகைய ஏற்பைப் பெற வேண்டுமானால், மீன்பிடி இடங்களும் பொதுப் புழக்க நிலங்களும் அவற்றைப் பயன்படுத்துவோர் சொல்லக் கேட்டு வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். அவ்வாறு கேட்கும் கூட்டத்தில், பாட்டுச் சீட்டில் பெயர் இல்லாதவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.