எடைக்குப் போட மாட்டேன்!

(தலைப்பு: குடும்பத்துக்கு நல்லது – பழையதைப் பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா?)

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி, "ரிப்பேருக்குச் செலவழிக்கிற காசில் புது வண்டிக்குத் தவணை கட்டிடலாம்"னு சொன்னாங்க. கணக்கு ரொம்ப சரி. என் வீட்டம்மாவும் இதே கணக்கைத்தான் போட்டாங்க! (சிரிப்பு)

எங்க அப்பா 1974-இல் வாங்கின புல்லட் ஐயா அது. திருவொற்றியூரில் பிறந்த வண்டி. இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி 1970-இல் கடையைக் கட்டிவிட்டது. பிள்ளை மட்டும் இங்கே 'டப டப'ன்னு ஓடிக்கிட்டே இருந்தான்!

அப்பா காலமான பிறகு எட்டு வருஷம் அது தாழ்வாரத்தில் நின்றது. ஒரு நாள் உதைத்துப் பார்த்தேன். கிக்கர் இறங்கவே இல்லை. சிலிண்டருக்குள் துருவேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில், "எடைக்குப் போட்டுடுங்க சார்"னு சொல்லிட்டாங்க. அப்பாவை எடை போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியில் புளியமரத்தடியில் ஒரு பாய் கிடைத்தார். 70 வயசு. பிளக்கைக் கழற்றினார், டீசலை ஊற்றினார். "ரெண்டு நாள் அவசரப்படாதீங்க புரொபசர்" என்றார். மூன்றாம் நாள் பிஸ்டன் அசைந்தது. பிரித்தால், சிலிண்டர் சுவரெல்லாம் துருக்குழி. 70 மில்லிமீட்டர் போர். அதைக் கொஞ்சம் பெரிசாக்கி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடணும்.

"அப்போ முதல்ல லேத்துக்குக் கொண்டு போகவா பாய்?"

"முதல்ல பிஸ்டனை வாங்குங்க. அதை அளந்துதான் போர் போடணும். சட்டையைத் தைச்சுட்டா மாப்பிள்ளை தேடுவீங்க?" (கைதட்டல்)

இடைவெளி மயிரிழைதான். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடிக்கும். கூடினால் ஆயில் மேலேறி நீலப்புகை கக்கும். டாப்பெட் பார்க்கும்போது, "அளக்கிற தகடு எங்கே பாய்?"னு கேட்டேன். சிரித்தார். என்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை என் மகன் விரலில் கொடுத்தார். "தம்பி, லேசா சுத்தணும், மேலே கீழே ஆடக் கூடாது." செல்போனைக் கீழே வைக்காத பிள்ளை அன்றைக்குக் கையெல்லாம் கிரீஸோடு சாப்பிட வந்தான்!

வண்டி ஓடியது. எல்லாரும் கைதட்டினோம். உள்ளேயிருந்து என் தாயார், வயசு 81, கேட்டாங்க: "யார் வண்டிடா அது? உங்கப்பா வண்டி இப்படிப் பதறாதே!"

பாய் என்ஜினை நிறுத்தினார். பாயிண்ட் தகட்டை இம்மியளவு திருப்பிவிட்டு மறுபடி உதைத்தார். நிதானமாக அடித்தது. "அம்மா காதுதான் சரி" என்றார்.

அந்தக் காதும் இந்தக் கையும் எந்த ஷோரூமில் தவணைக்குக் கிடைக்கும் ஐயா? பாயின் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிழைக்கணுமே. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகன் அந்த மரத்தடிக்குப் போகிறான்.

முதல் 500 கிலோமீட்டர் விரட்டக் கூடாது என்பது பாயின் உத்தரவு. இன்னும் 380 பாக்கி. இன்று வீட்டம்மாவைப் பின்னால் வைத்து, நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். எதிரணிச் சகோதரி புது ஸ்கூட்டரில் என்னைத் தாண்டி, கையாட்டிவிட்டுப் போனாங்க. பதிலுக்கு நானும் கையாட்டினேன். வணக்கம்!