இனி வருகைப்பதிவு இல்லை



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, நாளை முதல் உங்களுக்கு வருகைப்பதிவு கிடையாது. 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது என்று மிரட்ட ஆளில்லை. இத்தனை ஆண்டுகள் உங்களை எழுப்பி, பஸ் ஏற்றி, பெஞ்சில் உட்கார வைத்தது கல்லூரி மணி. இனி அந்த வேலையை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறர் கேட்காமலே ஒரு காரியத்தை நாள்தோறும் செய்த ஒருவரைச் சொல்கிறேன். ஆனந்தரங்கம் பிள்ளை. 1709-இல் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் வாழ்ந்த வணிகர். 1736 செப்டம்பர் 6 அன்று, தம் 27-ஆம் வயதில், ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்து நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் என்ன சொன்னார், தாம் என்ன பதில் சொன்னோம் என்று பேச்சுத் தமிழிலேயே எழுதிப்போனார். இலக்கியம் படைக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. அதனால்தான் எழுத முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1747-இல் பிரெஞ்சு கவர்னர் துப்ளேயின் தலைமை துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனார். ஊரே வாசலில் காத்துக் கிடந்த காலம் அது, அப்போதும் எழுதினார். 1756-இல் பதவி போனது. வாசல் வெறிச்சோடியது, உடம்பும் கெட்டது, எழுத்து நிற்கவில்லை. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த அதே மாதத்தில், காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து அவர் தம்பி மகன் எழுதினார். 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் படிக்கும் எவரும் இன்று அந்தக் குறிப்புகளைத் தாண்டிப் போக முடியாது. சென்னை அரசு வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதிகள்.

நமக்குக் கிடைத்திருக்கும் ஏடுகளில் இடைவெளிகளும் உண்டு. அதனால் அவற்றின் மதிப்பு குறையவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒருநாள் தவறியதும் ‘எல்லாம் போச்சு’ என்று கைவிடுகிறவர்களே நம்மில் அதிகம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. 21 நாளில் ஆளே மாறிவிடலாம் என்று யூடியூபில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

உங்கள் வீடுகளில் பால் சொசைட்டி அட்டை இருக்கும். காலை ஒரு வரி, மாலை ஒரு வரி. எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு. மாடு வற்றும் மாதத்தில் எண்கள் சிறுத்துப்போகும், அதற்காக யாரும் அட்டையைக் கிழித்துப் போடுவதில்லை. அதே அளவில் நீங்களும் ஒரு நாட்குறிப்பைத் தொடங்குங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் இன்று படித்த பக்கத்தை எழுதட்டும். தக்காளி போட்டிருக்கிறவர் மார்க்கெட்டில் பெட்டி என்ன விலை போனது என்று எழுதட்டும். ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர் அன்று கற்ற ஒரு வேலையை எழுதட்டும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆசைப்பட்டு முதல் நாளே நான்கு பக்கம் எழுதுகிறவர் நான்காம் நாள் நிறுத்திவிடுவார். என் மாணவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

 நோட்டு ஒன்றை இன்றைக்கே பஸ் நிலையத்தில் வாங்குங்கள். முதல் நாளுக்கு விஷயமும் தயார்: விழாவுக்கு வந்தவர் எவ்வளவு நேரம் பேசினார், அதில் உருப்படியாக என்ன இருந்தது? சலிப்பாக இருந்தால் அப்படியே எழுதுங்கள். பிள்ளை, துப்ளேயின் மனைவியைக்கூட விட்டுவைக்கவில்லை.